கடைசிப் புள்ளி

கார் என் பேருக்கு மாறி
பதினோரு நாள் ஆயிற்று.
ஆர்.சி.யில் நான்.
கதவில் இன்னும் அவர்.

"ஏசுவடியான் கார்தானே?" என்று
மேட்டுக்கடையில் டீ குடிப்பவர்கள் கேட்பார்கள்.
ஒன்பது வருடம் இடப்பக்க சீட்டில் இருந்து
அவர் பிரேக்கை என் காலால் மிதித்தவள்,
ஆமா என்றே சொல்லிவந்தேன்.
அவர் மகனோடு மஸ்கட் போய்விட்டார்.
கிளட்ச் ஒயர் அறுகிற காரை எனக்கு விற்றுவிட்டு.
குறை சொல்லவில்லை. விலையில் ஐயாயிரம் குறைத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
மகளின் ஹேர் டிரையரை வராந்தா ப்ளக்கில் சொருகினேன்.
சூடு காட்டி, ஓரத்தை
காலாவதியான ஏ.டி.எம். கார்டால் நெம்பி,
பையப் பைய இழுக்கணும்.
அவசரப்பட்டால் எழுத்து பிய்ந்து
பசை மட்டும் தங்கும்.
கிளட்ச் விடுகிற மாதிரியாக்கும் என்றேன்
உதவிக்கு வந்த சுபைதாவிடம்.
மூன்று மாதமாகக் கிளட்சைப் பட்டென்று விடுகிறவள்
என்னைவிட நன்றாக உரித்தாள்.

நான் முன்னாலிருந்து, அவள் பின்னாலிருந்து.
ஏ வந்தது எனக்கு.
ன் வந்தது, யா வந்தது அவளுக்கு.
தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால்
கதவில் நிற்கிறது:
சுவடி.
இத்தனை வருடம் தன் பெயருக்குள்
ஓர் ஓலைக்கட்டு கிடந்ததை
அவரே அறிந்திருக்க மாட்டார்.
வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.
சோப்பு நுரையில் ஒட்டிக்கொண்டு மிதந்தது
யான்.
"யான்னா நம்ம ஞான்தானே அக்கா?"
சிரிப்பில் டிரையர் கை நழுவியது.

சுவடியும் போயிற்று.
தேங்காய் எண்ணெய் தேய்த்து, ஷாம்பு போட்டுத் துடைத்து
வெறும் கதவு என்றுதான் நினைத்தேன்.
நாலு மணி வெயில் சாய்ந்து விழுந்தபோது
எல்லாம் திரும்ப வந்துவிட்டது,
வெள்ளை மேல் வெள்ளையாக.
ஒன்பது வருட வெயிலும்
குளச்சல் ரோட்டு உப்புக்காற்றும்
எழுத்துக்கு அடியில் மட்டும் புகவில்லை.
கார்தான் மஞ்சளித்துப் போயிருக்கிறது.
அவர் பெயர்
கார் வாங்கின நாளின் நிறத்தில் இருக்கிறது.
பாலீஷ் போட்டேன். தோள் வலித்தது. அது போகவில்லை.
செரி, கிடக்கட்டும்.
அதன் மேலேயே ஒட்டினேன்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் வெட்டி வாங்கியது,
சிவப்பில்: லில்லிபாய்.
சோப்புத் தண்ணீர் தெளித்து,
நடுவிலிருந்து ஓரத்துக்குக் குமிழியைத் தள்ளி,
மேல்தாளை உரித்துக்கொண்டிருக்கும்போது
ஆடிக் காற்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது.
தாள் என் முகத்தில் அடித்தது, கையில் சுற்றியது.
அடங்கியபோது கதவில்
லில்லிபாய.

செம்பருத்தி மூட்டில் தேடினோம். டயருக்கு அடியில்.
கோழியைக்கூடச் சந்தேகப்பட்டோம்.
கடைக்காரன் புள்ளி மட்டும் வெட்ட மாட்டானாம்,
வெட்டினால் முழுப் பெயராம், முழுக் காசாம்.
"இருக்கட்டும் அக்கா, லில்லி பாய!
படிக்க வாறவங்களுக்கு தைரியம் வரும்."
வாளியில் ஏசுவடியானின் புள்ளி கிடந்தது, பச்சை.
எடுத்து வைத்துப் பார்த்தேன்.
அளவு சரிதான்.
திரும்ப வாளியிலேயே போட்டேன்.

மறுநாள் காலை சுபைதாவுக்கு டெஸ்ட்.
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு,
"வலப்பக்கம் திரும்ப எப்படிக் கை காட்டணும்?
மறந்துபோச்சு அக்கா" என்றாள்.
ஜன்னல் பக்கம் நின்று
வலது கையை நேராக நீட்டிக் காட்டினேன்.
அவள் விரலைப் பார்க்கவில்லை.
முழங்கைக்குப் பின்னால் பார்த்தாள்.
ஒரு குளியலும் ஒரு ராத்திரித் தூக்கமும் தாண்டி,
என் கண்ணுக்கு எட்டாத இடத்தில்
சிவப்பாக, வட்டமாக.

"உரிக்கட்டா?"

இன்ஸ்பெக்டரின் ஜீப் உள்ளே திரும்பியது.
கையை மடக்காமல் சொன்னேன்,
முதலில் கிளட்ச்.
பையப் பைய.